ஊசி பட்ட முட்டைகள்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் பாப்பாதான் முதலில் படிக்க வேண்டும். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் கோழிக்கொட்டகைக் கதவில் கொஞ்ச காலம் கட்டுக்கம்பி முறுக்கிக் கிடந்ததே, அது எதற்கு வந்தது, எப்படிப் போனது என்று நான் உங்களிடம் சொன்னதில்லை. கீரிப்பிள்ளைக்காகக் கட்டியது என்று தம்பி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறான். கீரிக்காக இல்லை.

கப்பலூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில் இந்த மூன்று ஏக்கரில் நான் பண்ணை போட்டபோது பாப்பா ஐந்தாவது, தம்பி கைக்குழந்தை. ஆட்டுப் புழுக்கை தீவனப்புல்லுக்கு, புல் மாட்டுக்கு, மாட்டுச் சாணத்தில் வைக்கும் புழு கோழிக்கு என்று ஒன்றை ஒன்று தாங்கும்படி அமைத்திருந்தேன். ஆடும் மாடும் சீக்கிரமே நிலைத்துவிட்டன. கோழிதான் தேறவில்லை. சாவே இல்லாமல் வளர்ந்தது, ஆனால் உடம்பு போடவில்லை.

கோரிப்பாளையத்தில் பிரியாணிக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் நம்மிடம் வழக்கமாகக் கோழி எடுப்பார். ஒருநாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ருசிக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே. ஆனா சட்டியில போட்டா தேட வேண்டியிருக்கு. எலும்பப் பாத்துத்தான் கோழின்னு நம்புறாய்ங்க."

அந்தக் கேலி எனக்கு நன்றாகவே உறைத்தது. பெருவெடை என்று ஓர் இனம் உண்டு. நீளக் கால், கனத்த நெஞ்சு, நின்றால் முழங்கால் உயரத்துக்கு மேலே வரும். அந்த வம்சத்தில் நாலைந்து பெட்டைகள் நம் கொட்டகையில் பிறந்து வளர்ந்துவிட்டால் போதும், பிறகு யாரிடமும் போய்க் குஞ்சு கேட்டு நிற்க வேண்டாம் என்று ஆசைப்பட்டேன்.

அதைச் சுத்தமாகக் காத்து வைத்திருந்தவன் என் கூட்டாளி. நீங்கள் மாமா மாமா என்று கூப்பிட்ட அதே ஆள்தான். நாகமலைக்கு அந்தப் பக்கம் அவன் பண்ணை. சேவல் வளர்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கேட்டால் சேவலைக் கொடுப்பார்கள். பெட்டையைக் கொடுக்க மாட்டார்கள், அடைக்கு முட்டையும் கொடுக்க மாட்டார்கள். பெட்டை போனால் வம்சமே வெளியே போய்விடும் அல்லவா? எனக்கும் அது தெரியும். ஆனால் தம்பி பிறந்தபோது உங்கள் அம்மாவுக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து கொடுத்தவன் இவன். ரத்தம் கொடுத்தவன் முட்டை கொடுக்க மாட்டானா என்று கேட்டேன்.

"ஒனக்கு இல்லாததாடா மாப்ள? ரெண்டு நாள் பொறு, நானே கொண்டு வாரேன்" என்றான். சொன்னபடி, தவிட்டில் பொதிந்து பதினொரு முட்டைகளைக் கொண்டுவந்தான்.

நம் சாம்பல் பெட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின அடையில் பதினொன்றுக்குப் பத்து பொரித்தவள். அவளைத்தான் உட்கார வைத்தேன். கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க ஓர் இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய். எல்லாம் முறைப்படி. பாப்பா அப்போது ஒன்பதாவது. கொட்டகை முட்டைக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முட்டைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போட்டு அடுக்குவாள். கதவோரம் செங்கல் பொந்தில் அந்தப் பென்சில் எப்போதும் இருக்கும்.

இருபத்தொரு நாள் போனது. இருபத்து மூன்றும் போனது. கூடையிலிருந்து வாடை வந்தது. ஒன்றை உடைத்தேன், கூழ். அடுத்ததும் கூழ். பதினொன்றும் அப்படியே. சாம்பல் பெட்டை இறங்காமல் வெறுங்கூடையில் உட்கார்ந்திருந்தாள். ஆத்திரத்தில் அந்த வாரமே கறிக்கோழியோடு சேர்த்து அவளையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

சொல்லி அனுப்பியதும் கூட்டாளி வந்தான். கூடையைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"பதினொண்ணும் போகுதுன்னா ஏதோ தீட்டுடா மாப்ள. வீட்ல பொம்பளப்புள்ள யாரும் தொட்டுச்சா? அந்த மூணு நாளுக்குள்ள?"

அந்த நேரம் பார்த்துப் பாப்பா பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து உள்ளே வந்தாள். அவன் முன்னாலேயே கேட்டேன்.

"நீ அடை முட்டையத் தொட்டியா?"

"தெனமும் கூடையப் பாப்பேன்ப்பா. ஓரத்துல ஒதுங்கிக் கெடந்தா நடுவுல தள்ளி வைப்பேன்."

"வீட்டுக்குத் தூரமா இருந்தப்பவுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னங்க இது, ஆம்பளைக முன்னாடி நிறுத்தி வச்சுக் கேக்குற பேச்சா?"

பாப்பா, நீ என்னைப் பார்த்தாய். அவனைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "கையக் கழுவிட்டுத்தான்ப்பா தொட்டேன்" என்றாய்.

"விடு மாப்ள, சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்?" என்று அவன் உனக்காகப் பரிந்து பேசினான். அவனுடைய பெரிய மனசை நினைத்து அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மறுநாள் கொட்டகைக் கதவில் உன் கை எட்டாத உயரத்தில் கட்டுக்கம்பியை மாட்டி, குறடால் ஏழு முறுக்கு முறுக்கினேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பக்கமே வரவில்லை. முட்டையை நானே எடுத்தேன், தேதி போடாமல்.

கூட்டாளி மறுபடியும் முட்டை கொடுத்தான். இந்தத் தடவை ஏழுதான் இருக்கிறது என்றான். ஏழு போதாது, பதினொன்றாக வைக்கலாம் என்று அம்மா நம் கோழி முட்டை நான்கைச் சேர்த்தாள். பிரித்துத் தெரியட்டும் என்று அந்த நான்கிலும் கரியால் ஒரு கோடு இழுத்தாள். செம்பெட்டையை உட்கார வைத்தோம். என்னைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை.

இருபத்தோராம் நாள் கரிக்கோடு போட்ட நான்கும் ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வந்தன. ஏழும் கல் மாதிரிக் கிடந்தன. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன்.

"வெதுவெதுன்னு தண்ணி வச்சுப் போட்டுப் பாருங்க. உசுரு இருந்தா ஆடும்" என்றாள் அம்மா.

மத்தியானம், முற்றத்தில் அலுமினியச் சட்டி. ஏழும் மிதந்தன, ஒன்றும் ஆடவில்லை. என்ன நினைத்தேனோ, ஒன்றை உள்ளங்கையால் தண்ணீருக்குள் அமுக்கினேன். அகன்ற பக்கத்து நுனியிலிருந்து நூல் பிடித்தது போலச் சின்னச் சின்னக் குமிழி மேலே வந்தது. அடுத்ததை அமுக்கினேன். அதிலும் அதே இடம். மூன்றாவது, நான்காவது, ஏழாவது வரைக்கும் அப்படியே. அம்மா சட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழுலயும் ஒரே எடத்துலயா வரும்?" என்றாள். ஒரு முட்டையை எடுத்து வெயிலில் பிடித்து, நகத்தால் தடவிப் பார்த்தாள். "ஊசிங்க. ஊசியால குத்தியிருக்கு."

நான் அந்த முட்டையை வாங்கி என் நகத்தாலும் தடவினேன்.

"புள்ளகிட்ட என்ன சொல்லப் போறீக?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு முட்டையைத் துண்டில் முடிந்துகொண்டு வண்டியை எடுத்தேன். அவன் சேவல்களுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தான். முட்டையை அவன் கையில் வைத்தேன். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தரலன்னு சொல்லியிருந்தா நான் கோவிச்சிருக்க மாட்டேன்டா" என்றேன்.

"நீ கேட்டப்ப இல்லைன்னு சொல்ல மனசு வரல மாப்ள."

"குத்த மனசு வந்துச்சு."

கம்பை மறுபடியும் இறைத்தான். "எங்கப்பா காலத்துலருந்து வச்சிருக்கோம். பெட்டை வெளிய போனா நாளைக்கு எவன் என் வாசலுக்கு வருவான்?"

"ஒரு பாட்டில் ரத்தம் குடுத்தியேடா, பதினெட்டு முட்டைக்கா கணக்குப் பாத்த?"

"ரத்தம் ஊறிரும் மாப்ள. வம்சம் போனா போனதுதான்."

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறவன் குரலில் சொன்னான். அதுவரைக்கும்கூட நான் தாங்கிக்கொண்டேன். ஒரு தொழில்காரன் தன் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டான் என்று என்றைக்காவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"முட்டை போகட்டும். எம்புள்ள மேல ஏன் போட்ட?"

முதல் தடவையாக அவன் தலை குனிந்தது. "வாயில வந்துச்சு, சொல்லிப்புட்டேன். நீ அத அம்புட்டு நம்புவன்னு நெனைக்கல."

பாப்பா, அந்தக் கடைசி வார்த்தையைத்தான் வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தேன். அவன் சொன்னது பொய். நம்பியது நான். உன்னைக் கேட்கும் முன்பே நம்பியிருந்தேன். பத்துக் குஞ்சு பொரித்த அடைக்கும் நீதான் தினமும் கூடையைப் பார்த்தாய், அது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவே இல்லை. முப்பது வருஷப் பழக்கம் என்னை ஏமாற்றியது என்று ஊரில் சொல்லலாம். உன்னை ஏமாற்றியது யார் என்று கேட்டால் நான் யாரைக் காட்டுவேன்?

அவனோடு அதற்குப் பிறகு பேச்சில்லை. மாமா ஏன் வருவதில்லை என்று தம்பி கேட்டபோதெல்லாம் வேலை என்று சொல்லி முடித்துவிட்டேன். பாப்பாவிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாய் எழவில்லை. இத்தனை நாள் கழித்து எழுத்தில் சொல்கிறேன்.

அன்றைக்கு அவன் பண்ணையிலிருந்து நான் திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா புல் அறுக்கப் போயிருந்தாள். குறடை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைக் கதவில் இருந்த ஏழு முறுக்கையும் பிரித்தேன். கம்பியைச் சுருட்டிக் கிணற்றடியில் போட்டேன். உள்ளே அன்றைய முட்டைகள் ஒன்பது கிடந்தன. அவற்றை எடுக்கவில்லை. செங்கல் பொந்தில் பென்சில் முனை மழுங்கி, ஒட்டடை படிந்து கிடந்தது. துண்டால் துடைத்து, அரிவாள் முனையில் மெதுவாகச் சீவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கதவைத் தாழ் போடாமல் சாத்தினேன்.