என் சைக்கிளில் தொங்கிய எலுமிச்சம்பழம்

ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் என் மவுண்டன் பைக் படாரென்று நின்றது. நான் பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். எழுந்து பார்த்தால், சங்கிலியைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாற்றிவிடும் பின்கியர் முறுக்கிக்கொண்டு, சக்கரக் கம்பிகளுக்குள் செருகிக் கிடந்தது.

முன்னால் போன என் கணவர் திரும்பி வந்தார். என் முழங்கையில் ரத்தம் வழிந்தது. மனிதர் சைக்கிளைத்தான் பார்த்தார்.

"ஒடச்சிட்டியா? மேட்டுல கியர் மாத்தாதன்னு எத்தன வாட்டி சொல்றது? ஒனக்கெல்லாம் எதுக்கு லா மவுண்டன் பைக்?"

காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து புறப்படும்போதே மிரட்டியிருந்தார். "இன்னைக்கு நடுவழியில நின்னேன்னா, நாளைக்கே அந்த சைக்கிள வித்துடுவேன்." என் சம்பளத்தில் நான் வாங்கிய சைக்கிள் அது. வாரம் முழுக்க ஆபீசில் டைப்ரைட்டர், வீட்டில் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் யாரும் என்னைக் கூப்பிட்டு வேலை ஏவ முடியாது. அதைப் பிடுங்கத்தான் இவர் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தள்ளிக்கிட்டு வா. ஆளுங்க காப்பிக்கடையில காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். ஆளுங்க என்றால் அவருடைய ஆபீஸ் கூட்டாளிகள் இரண்டு பேர். கட்டிய பெண்டாட்டியைத் தோட்டத்தில் தனியாக விட்டுப் போகிறோமே என்ற உறுத்தல் துளியும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை கூட வரவில்லை.

சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை வைத்திருந்தேன். சங்கிலி கழற்றும் கருவி, இரண்டு திருகுச்சாவி, ஒரு பழந்துணி. "பட்டறையே கூட வருது" என்று கூட்டாளிகள் முன்னால் அவர் கேலி செய்த பைதான். அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

கியரைக் கழற்றும்போது விரலில் மஞ்சள் நூல் சிக்கியது. இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் நசுங்கிய ஓர் எலுமிச்சம்பழமும் வந்தது.

சைக்கிள் வாங்கிய வாரம் என்னுடையது, அவருடையது இரண்டையும் கோயிலுக்குக் கொண்டுபோய் வண்டிப் பூஜை போட்டோம். ஐயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அது போதாதென்று, இவர் வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் கோர்த்து என் சீட்டுக்கு அடியில் தொங்கவிட்டார். தன் சைக்கிளில் கட்டவில்லை. கேட்டதற்கு, "பொம்பள ஓட்டுறத நாலு பேரு பாப்பாங்க, கண்ணு பட்டுடும்" என்றார். மேட்டுக் குலுக்கலில் அந்த நூல் தாழ்ந்து, சக்கரத்தில் சுற்றி, கியரை உள்ளே இழுத்திருக்கிறது.

உடைந்த கியரைப் பையில் போட்டேன். சங்கிலியை வெட்டிக் குறுக்கி, நடுப் பல்சக்கரத்தில் நேராகப் பூட்டினேன். கைமுழுக்கக் கிரீஸ். இனி ஒரே கியர்தான், ஆனால் ஓடும். ஓட்டிக்கொண்டே போனேன்.

காப்பிக்கடையில் இவர் கதை அளந்துகொண்டிருந்தார். "கியர ஒடச்சிட்டு நிக்கிறா. நாளைக்கே வித்துடப் போறேன்." நான் சைக்கிளை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, நூலோடு எலுமிச்சம்பழத்தை அவருடைய காப்பி மங்குக்கு அருகில் வைத்தேன்.

"என்னாக்கா இது?" என்றார் ஒரு கூட்டாளி.

"கியருக்குள்ள இருந்துச்சு. கட்டுனவரு இங்கதான் ஒக்காந்திருக்காரு."

இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். இவர் காதுவரை சிவந்துபோய், காப்பியை அப்படியே விட்டு எழுந்தார். வீடு வரைக்கும் எனக்கு முன்னாலேயே மிதித்துக்கொண்டு போனார். சைக்கிளை விற்கும் பேச்சு அத்தோடு சரி. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் சொன்னேனே, கண்ணு பட்டுடும்னு."

"பட்டுச்சுங்க" என்றேன். "உங்க கண்ணுதான்."