மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு

அன்று அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியின் விளிம்பில் நின்றவர்கள் நான்கு பேர். எங்கள் முதலாளி, அவருடைய மனைவி, நான், குவாரி நிறுவனத்தின் மேலாளர். எங்கள் பக்கம் ஒரு வழக்கறிஞர் வந்திருக்க வேண்டும். அப்படி ஒருவரை நாங்கள் வைத்துக்கொள்ளவே இல்லை என்பதால் வரவில்லை. எங்களுடைய எட்டுப் பம்புகளும் அங்கே இருந்திருக்க வேண்டும். அவையும் கண்ணில் படவில்லை. குழி இருந்த இடத்தில் பச்சையும் நீலமுமாக ஓர் ஏரி கிடந்தது. லாரிகள் இறங்கி ஏறும் மண்பாதை நேராகத் தண்ணீருக்குள் போய் மறைந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இது நம்ம குவாரி இல்ல தம்பி. வழி மாறி வந்துட்டோம். மேப்பை இன்னொரு தடவை பாரு” என்றார். நான் உண்மையிலேயே கைபேசியை எடுத்துப் பார்த்தேன். நாங்கள் வந்திருந்தது சரியான இடந்தான்.

அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவியை அக்கா என்பேன். டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் ஓர் இந்திய மளிகைக் கடைக்கு அடுத்த கதவுதான் எங்கள் அலுவலகம். கடையில் கறிவேப்பிலைப் பெட்டி வந்து இறங்கினால் எங்களுக்கும் மணக்கும். என் பெற்றோர் கைநாட்டு வைப்பவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டெக்சாஸில் மேற்படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் அலைந்தபோது, முப்பது நிமிடம் பேசிப் பார்த்துவிட்டு “திங்கட்கிழமை வந்துடு” என்றவர் அவர். படித்தவர்கள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன் நான். சார் நிறையப் படித்தவர்.

அவர் வளர்ந்தது நெய்வேலியில். அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு காத்திருக்கும். இரவும் பகலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் சுரங்கமே மூழ்கிவிடும். அந்தப் பம்புச் சத்தத்தில்தான் தூங்கினேன், படித்தேன், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்பார். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை, தேவைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து, மின்சாரம் மிச்சமாகும்படி ஓட்டுவதுதான் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த தொழில்.

அந்தக் குவாரிக்கு முதல்முறை போகும்போது, டோல் கட்டும் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டே எனக்கு நீராவி எஞ்சின் கதை சொன்னார். “இங்கிலாந்துல தகரமும் செம்பும் எடுக்கற சுரங்கம் தம்பி. தோண்டத் தோண்டத் தண்ணி. இறைக்கறதுக்குப் பழைய எஞ்சின் ஒண்ணு இருந்தது, நிலக்கரிய வாரி வாரித் தின்னும். புது எஞ்சின் செஞ்சாங்க பாரு ரெண்டு பங்காளிங்க, அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வித்தோம், காச வாங்கினோம்னு போகல. பழைய எஞ்சினைவிட எவ்வளவு கரி மிச்சமாகுதோ, அதுல மூணுல ஒரு பங்கு எங்களுக்குக் குடுன்னாங்க. எஞ்சின் எத்தனை தடவை அடிக்குதுன்னு எண்ணறதுக்கு ஒரு பூட்டுன பெட்டி. பெட்டிய ஏமாத்த முடியாது. எப்பேர்ப்பட்ட மூளை பாரு!” கல்லூரி நூலகத்தில் படித்தது, முப்பது வருடமாக மனதில் கிடக்கிறது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அந்தப் பங்காளிகளில் தானும் ஒருவர் என்ற களை இருந்தது.

குவாரியோடு அதே ஒப்பந்தந்தான் போட்டார். மிச்சமாகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு. ஆனால் அந்தப் பழைய பங்காளிகளைவிட ஒரு படி தாராளமாக நடந்துகொண்டார். அவர்கள் எஞ்சின் செலவைச் சுரங்கக்காரர்கள் தலையில் கட்டினார்கள். சார் எட்டுப் பம்புகளையும் தன் செலவிலேயே வாங்கி இறக்கினார். பத்து வருடம் பம்புகள் எங்கள் சொத்து, அதன் பிறகு குவாரிக்குச் சொந்தம். அதற்கான கடனுக்காகப் பிளானோ வீட்டை அடமானம் வைத்தார். கையெழுத்துப் போட்ட அன்று அக்கா சமையலறையிலிருந்தே கேலி செய்தார். “எட்டு பம்புக்கு ஒரு வீடு. பரவால்ல, ரேட் கம்மிதான். நல்லவேளை, எங்கப்பா போட்ட நகையக் கேக்கல.” சார் சிரித்துக்கொண்டே, “சுரங்கம் இருக்கற வரைக்கும் பம்ப் ஓடும்டி. பம்ப் ஓடற வரைக்கும் வீடு நம்மளது” என்றார்.

ஒப்பந்தத்தில் அளவு எடுப்பதைப் பற்றி மட்டும் பதினொரு பக்கம் இருந்தது. மீட்டர் பெட்டிக்கு இரண்டு பூட்டு, சாவி இரு தரப்புக்கும் ஒவ்வொன்று. மழைக்காலத்துக்கு ஒரு கணக்கு, வறட்சிக்கு ஒரு கணக்கு. எதிராளி எப்படியெல்லாம் ஏமாற்றக்கூடும் என்று யோசித்து ஒவ்வொரு சந்தாக அடைத்திருந்தார். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. குவாரிக்காரர்கள் மாதம் தவறாமல் காசோலை அனுப்பினார்கள். ஒருமுறைகூட ஏமாற்றவில்லை.

நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் விடுமுறை வாரத்தில், பம்புகளின் ஓட்டத்தைக் காட்டும் என் திரையில் எட்டுக் கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூஜ்யத்துக்கு இறங்கின. கம்பி அறுந்திருக்கும் என்றார் சார். குவாரிக்குப் போன் செய்தோம். விடுமுறைச் செய்திதான் பேசியது. எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. “லீவு சீசன் தம்பி, கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்க ஒருத்தனும் போன் எடுக்க மாட்டான். சென்ஸார்தான் போயிருக்கும். பம்ப் எப்படி நிக்கும்? மனுஷன் மூச்ச நிறுத்தி வெச்சுப்பானா?” அவர் எதையும் மறைப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. சுரங்கம் வைத்திருப்பவன் தன் கையாலேயே பம்பை நிறுத்துவான் என்பது, நெய்வேலியில் வளர்ந்த அந்த மனிதருடைய கற்பனைக்குள் வரக்கூடிய காரியமே இல்லை. டிசம்பரிலும் கோடுகள் எழவில்லை. ஜனவரியில் முதல் வேலையாக அக்காதான் காரை எடுக்கச் சொன்னார்.

அந்த மேலாளர் நல்ல மனிதர். எங்களுக்காக ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்திருந்தார். இந்தக் குழியில் கல் தீர்ந்துவிட்டது, கல்படுகை வடக்கே இருக்கும் இன்னொரு நிலத்துக்குள் ஓடுகிறது, இனி வேலை அங்கேதான் என்று விளக்கினார். இந்தக் குழியை வீட்டுமனைக்காரர் ஒருவர் வாங்கிவிட்டாராம். ஏரிக்கரை வீடுகள். தண்ணீர் ஏற ஏற மனையின் விலையும் ஏறுகிறதாம். இத்தனை நாள் காசு கொடுத்து வெளியே கொட்டிய தண்ணீர், இறைக்காமல் விட்டதும் அவர்களுக்குக் காசாகிவிட்டது. அதை அவர் எங்களிடம் ஒரு வேடிக்கை போலச் சொன்னார். நாங்களும் சிரிப்போம் என்று எதிர்பார்த்தார்.

“ஆனா காண்ட்ராக்ட் பத்து வருஷத்துக்குப் போட்டிருக்கோமே” என்று சார் ஆங்கிலத்தில் கேட்டார். மேலாளர் தலையை ஆட்டினார். ஆமாம், ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்குத்தான். இப்போது நாங்கள் இறைப்பதில்லை, அதனால் மிச்சமும் இல்லை. இறைத்துக்கொண்டே இருப்போம் என்று நாங்கள் எங்கே எழுதிக் கொடுத்தோம் என்றார். அந்தப் பதினொரு பக்கத்தையும் நான் அங்கேயே மனதில் புரட்டிப் பார்த்தேன். எப்படி அளப்பது, யார் பூட்டுவது, எந்த மாதத்தில் எந்த விகிதம், எல்லாம் இருந்தது. பம்பு ஓட வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இல்லை. சூரியன் உதிக்க வேண்டும் என்று யாராவது எழுதி வாங்குவார்களா?

அக்காதான் முதலில் பேசினார். சாரைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னார். “உங்க ஊர்ல பம்ப் நின்னா சைரன் அடிக்கும். இங்க நின்னா ஒரு ஈமெயில்கூட வராது.”

திரும்பி வரும்போது வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். சார் இறங்கவே இல்லை. நான் காபி வாங்கி வந்து நீட்டினேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், பிளானோ வரும்வரை குடிக்கவில்லை. இதற்கு மேல் என்ன நடந்துவிடப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் குவாரி நிறுவனத்திடமிருந்து வந்தது கடிதம். எட்டுப் பம்புகளும் எண்ணெயோடு தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. அவை உங்கள் சொத்து. ஏரி வாங்கியவருக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும். முக்குளிப்பவர்களையும் கிரேனையும் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாங்கள் எடுத்துவிட்டுச் செலவை உங்களுக்கு அனுப்புகிறோம். பம்புகள் பத்து வருடம் எங்கள் சொத்து என்று எவ்வளவு பெருமையாக எழுதினோமோ, அதே வரியைத்தான் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அப்போதுதான் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தோம். முழுவதும் படித்துவிட்டு, நிறுத்துமுன் சொல்ல வேண்டும் என்றுகூட எங்கும் எழுதவில்லை, அவர்கள் பக்கம் ஒரு தவறும் இல்லை என்றார். அதைச் சொன்னதற்கும் தனியாக பில் வந்தது.

கோடையில் அலுவலகத்தை மூடினார்கள். நான் மேற்குக் கரையில் சான் ஹோசேவில் ஒரு வேலைக்கு வந்துவிட்டேன். சென்ற வருடம் இங்குள்ள நூலகத்தில் அந்த நீராவி எஞ்சின் பங்காளிகளின் வரலாறு கண்ணில் பட்டது. நின்றுகொண்டே படித்தேன். சார் சொன்னதெல்லாம் இருந்தது: கரி மிச்சக் கணக்கு, மூன்றில் ஒரு பங்கு, பூட்டிய பெட்டி. அதற்குப் பிறகும் கதை இருந்தது. வேறோர் இடத்தில் மலிவாகச் செம்பு கிடைத்ததும் விலை விழுந்தது. சுரங்கங்கள் மூடுகிற நிலைக்கு வந்தன. சுரங்கம் நின்றால் எஞ்சின் நிற்கும், எஞ்சின் நின்றால் பங்கும் நிற்கும் என்று அந்தப் பங்காளிகளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர்களே அந்தச் சுரங்கங்களில் பங்கு வாங்கினார்கள். மூடலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் அறையில் தங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார்கள். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தேன். இருபது வயதில் சார் அந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தோடு எழுந்து போனார்? மணி அடித்துவிட்டதா? சாப்பாட்டு நேரமா? படித்தவர்கள் புத்தகத்தை முழுவதும் படித்திருப்பார்கள் என்று நான் எந்த நம்பிக்கையில் இருந்தேன்?

அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்போது அவர்கள் கிழக்குக் கரைப் பக்கம் வெஸ்ட் வின்ட்சரில் ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அக்காவுக்கு அங்கே ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. சார் ரயிலேறி யாரோ ஒருவருடைய நிறுவனத்துக்குப் போய் வருகிறார். போன மாதம் அக்கா போன் செய்தார். “கடனெல்லாம் கட்டி முடிச்சாச்சுடா தம்பி, இன்னிக்குத்தான் கடைசி. சார் தூங்கறார், அதான் உன்கிட்ட சொல்றேன்.” எவ்வளவு ஆச்சு அக்கா என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது. பம்புக் கடனுக்காக வீட்டை விற்றுக் கட்டிய பணம், மீதிக் கடன், கிரேன், முக்குளித்தவர்கள், வழக்கறிஞர் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார், மருந்து எண்ணிப் போடுகிறவர் குரலில். வந்த காசோலைகளையெல்லாம் கழித்துவிட்டுக் கையை விட்டுப் போன மொத்தத்தைச் சொன்னார்: நான்கு லட்சத்துப் பதினேழாயிரம் டாலர்.