வெர்லின் ஹாகன் இரண்டு பேரைக் கடன் கொடுத்த கதை

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஸ்டென்விக் ஊரில் ஒருவர் ஜனாதிபதி வேட்பாளர் ஆகக் கூடாது என்று யாராவது நினைத்தால், அதற்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. வெர்லின் ஹாகனை அவர் பக்கம் சேர்த்துவிட்டால் போதும். இதை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. வெர்லினே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவர் முதன்முதலில் ஆதரித்த ஆள், அந்த வருஷத்துப் பனி உருகுவதற்குள் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அடுத்தவர் பேட்டி ஒன்றில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மூன்றாமவர் செய்ததுதான் பெரிய கொடுமை. கட்சி வேட்பாளரை ஊர்க்காரர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிற காக்கஸ் கூட்டத்தன்று காலையில் வெர்லின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த மனிதர் விலகிய செய்தியை ரேடியோவில் சொன்னார்கள். வெர்லின் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி மனைவி ஆர்டிஸைப் பார்த்தார்.

“இப்ப இதை முடிக்கவா, விட்டுடவா?”

“முடிச்சுடு. யார் சாவுக்காவது போட்டுக்கலாம்” என்றார் ஆர்டிஸ்.

வெர்லினுக்குத் தொழில் உப்பு. ஸ்டென்விக் தண்ணீரைக் குடித்தால் சுண்ணாம்பைக் குடித்த மாதிரி இருக்கும். அதனால் வீட்டுக்கு வீடு நிலவறையில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அதில் உப்பைக் கொட்டுவதும், ரிப்பேர் பார்ப்பதும், முடிந்தால் புது இயந்திரத்தைத் தலையில் கட்டுவதும் அவர் வேலை. ஊரில் யார் வீட்டு நிலவறையில் கிறிஸ்துமஸ் மரம் கோடையிலும் கழற்றாமல் நிற்கிறது, யார் மனைவிக்குத் தெரியாமல் விஸ்கியை ஒளித்து வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இவ்வளவு தெரிந்தவர் சொல்லும் ஆளுக்கு ஊர் ஓட்டுப் போடவேண்டாமா? போடாது. ‘வெர்லின் உப்பு விக்கட்டும், ஆளு விக்க வேண்டாம்’ என்று காபிக்கடையில் பேசிக்கொள்வார்கள். அவரும் கூட உட்கார்ந்து சிரிப்பார்.

சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் ஓர் ஆசை கிடந்து அரித்தது. ஒரே ஒரு தடவை, சாவதற்குள் ஒரு தடவையாவது, ஜெயிக்கிற பக்கம் நிற்கவேண்டும். அதுவும் இந்த ஊர் பார்க்க நிற்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேட் பெல்லமி வந்தார். நெவாடாவில் லாரிக் கம்பெனி முதலாளி. வாழ்நாளில் ஒரு பதவியிலும் இருந்ததில்லை. கட்சியில் சேர்ந்தே ஒரு வருஷம் ஆகவில்லை. ஆனால் எந்தக் கருத்துக்கணிப்பை எடுத்தாலும் அவர்தான் முதலில் இருந்தார். கட்சிப் பெரியவர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே வேப்பெண்ணெய் குடித்த முகம். “முன்னாடி ஓடுவார், கடைசியில வெளியாளுக்குக் கட்சி வேட்பாளர் பதவியைக் கொடுக்காது, பாருங்க” என்று டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் தினமும் சொன்னார்கள். வெர்லினுக்கு பெல்லமி கொள்கை முழுக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. முதலில் இருக்கிறார் என்பது தெரியும். அது போதுமென்று அவருக்காக ஸ்டென்விக் பொறுப்பாளர் ஆகிவிட்டார்.

பெல்லமிக்கு ஆதரவாளர்கள் நிறைய. ஆனால் பாதிப் பேர் காக்கஸ் பக்கம் தலைவைத்துப் படுத்தது கிடையாது. ஊருக்கு வெளியே வாடகை வீட்டில் மிசௌரியிலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். இருவரும் முட்டைக் கம்பெனியில் வேலை. வெர்லின் அவர்கள் வீட்டுக்கு உப்பு மூட்டை கொண்டுபோனபோது வாசலில் பெல்லமி பெயர் போட்ட பலகையைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு வரச்சொன்னார்.

“அதெல்லாம் கட்சிக்காரங்க விவகாரம், மிஸ்டர் ஹாகன்” என்றார் அந்த முட்டைக் கம்பெனிக்காரர். “ஏதோ விதி சொல்லி எங்களை முட்டாளாக்கிடுவாங்க.”

“விதி எல்லாம் எனக்குத் தலைகீழாத் தெரியும். நான் இருக்கும்போது உங்களை யார் ஏமாத்தறது? நீங்க வந்து நின்னாப் போதும்.”

அவர்கள் நம்பினார்கள்.

காக்கஸ் அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஈரக் கோட்டு வாடையும் காபி வாடையும் கலந்து அடித்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஓட்டுச்சீட்டும் கிடையாது, திரையும் கிடையாது. யாருக்கு யார் பிடிக்குமோ அவருக்கான மூலையில் ஊர் பார்க்கப் போய் நிற்கவேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேர் தேறாத மூலை கலைந்துபோகும். முதல் எண்ணிக்கை முடிந்ததும் அரைமணி நேரம் கொடுப்பார்கள். அந்த அரைமணியில் யாரும் எந்த மூலைக்கும் மாறலாம். கெஞ்சல், பேரம், பழைய உதவியைச் சொல்லிக்காட்டுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். கடைசி எண்ணிக்கையை வைத்து ஊருக்கான ஐந்து பிரதிநிதி இடங்களைப் பிரித்துக் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் கூட்டத்துக்குத் தலைவர் ஆர்டிஸ்தான். மேஜை மேல் ஏறி நின்று தலைகளை எண்ணினார். மொத்தம் நூறு என்று வந்தது. யாரும் நம்பாததால் இன்னொரு தடவை எண்ணினார். அப்போதும் நூறுதான்.

பெல்லமி மூலையில் ஐம்பத்தொரு பேர். ஜன்னல் பக்கத்து மூலையில், கட்சியின் பழம்பெரும் செனட்டருக்கு முப்பத்தாறு பேர். பால் வைக்கிற குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், யாருக்கும் முகம் ஞாபகம் வராத ஓர் ஆளுநருக்குப் பதின்மூன்று பேர்.

வெர்லின் தன் மூலையைப் பார்த்தார். ஐம்பத்தொரு பேர்! முன்பு ஒரு தடவை அவர் மூலையில் அவரையும் சேர்த்து ஏழு பேர். அதில் ஒருவர் தவறுதலாக வந்து நின்றவர். இப்போது பாதிக்கு மேல் இருந்தது. நூறு பேருக்கு ஐந்து இடம் என்றால் இருபது பேருக்கு ஒன்று, மிச்சத்தில் பத்துப் பேராவது தேறினால் இன்னொன்று; ஐம்பத்தொரு பேருக்கு மூன்று இடம். சும்மா கையைக் கட்டிக்கொண்டு அரைமணி நின்றால் ஜெயித்தாயிற்று. சும்மா நிற்பது ஒன்றுதான் அவருக்கு வராது.

செனட்டர் மூலைக்குப் பொறுப்பு டெலோரஸ் க்விஸ்ட். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூசணிக்காய்க் கேக் தட்டை ஏந்திக்கொண்டு, பால்பெட்டி மூலைக்குப் போகிற வழியில் நின்றார்.

“ஏய்யா வெர்லின், உன் ஆளு கட்சிக்கு வந்து ஒரு வருஷம் ஆகல. எங்க சர்ச்சுல காபி ஊத்தற கமிட்டிக்கே மூணு வருஷம் காத்திருக்கணும்.”

“அதான் அந்தக் காபி அப்படி ஆறிப்போயிருக்கு” என்றார் வெர்லின்.

“பேசு பேசு. அந்தப் பதிமூணு பேரும் என் கேக்கைத் தின்னுட்டு என் பக்கம்தான் வரப்போறாங்க.”

வெர்லின் தன் மூலையைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தாறும் பதின்மூன்றும் நாற்பத்தொன்பது. அவரிடம் ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பதைவிட ஐம்பத்தொன்று பெரிது என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். ஆனால் காலமெல்லாம் தோற்றவர் கண்ணுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. யாராவது கழிவறைக்குப் போய்த் திரும்பாவிட்டால் என்ன ஆவது? யாருக்காவது கேக் பிடித்துப்போய்விட்டால்?

அப்போது பால்பெட்டி மூலையிலிருந்து லெனோரா ப்ரூயிட் வந்தார். பள்ளிக்கூட நூலகர். ஆளுநருக்குப் பொறுப்பாளர். கெஞ்சவே தெரியாத பெண்மணி, அன்று கெஞ்சினார்.

“வெர்லின், ரெண்டே ரெண்டு பேர் குடு. பதினஞ்சு ஆயிட்டா எங்க மூலை நிக்கும். இவங்க யாரும் டெலோரஸ் பக்கம் போக மாட்டாங்க. உனக்கும் நல்லதுதானே? நீயும் அந்தப் பால்பெட்டி பக்கத்துல எத்தனை தடவை நின்னிருக்கே, சொல்லு.”

நின்றிருக்கிறார். காக்கஸுக்குப் போன ஒவ்வொரு தடவையும் அங்கேதான் நின்றிருக்கிறார். அந்தப் பெட்டி முனகுகிற சத்தம் கூட அவருக்கு மனப்பாடம். ரெண்டு பேருக்காக இதே கூடத்தைச் சுற்றிச்சுற்றி வந்து, ஒருவரும் தராமல், கலைந்து போனவர் அவர். பாவமாகவும் இருந்தது, தந்திரமாகவும் தோன்றியது. பாவமும் தந்திரமும் ஒரே பக்கம் இழுத்தால் மனிதன் என்ன செய்வான்? எதிராளியின் எதிராளியைத் தூக்கிவிடுவது இந்த மாநிலத்தில் பழைய வித்தை. ஆனால் தன்னிடம் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்வதுதான் அந்த வித்தை. எண்ணிப் பார்க்கிற பழக்கம் வெர்லினுக்குக் கிடையாது. எண்ணும்படி அவரிடம் எப்போதும் எதுவும் இருந்ததில்லை.

சொன்ன பேச்சைக் கேட்கிற இரண்டு பேர் வேண்டும் என்று திரும்பிப் பார்த்தார். முட்டைக் கம்பெனித் தம்பதி பக்கத்திலேயே நின்றார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அந்த மூலையில போய் நில்லுங்க.”

“நாங்க பெல்லமிக்காகத்தானே வந்தோம்?” என்றார் அந்த அம்மாள்.

“பெல்லமிக்காகத்தான் போறீங்க. இது ஒரு வித்தை. அப்புறம் விளக்கமாச் சொல்றேன்.”

கணவர் வெர்லினின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்களுக்குத் தெரியும்னா சரி” என்று சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்.

அரைமணி முடிந்தது. ஆர்டிஸ் மறுபடி மேஜை மேல் ஏறி எண்ணினார். கதவை அடைத்தாயிற்று, இனி ஒருவரும் நகரக்கூடாது. பெல்லமி மூலையை எண்ணி முடித்தவர், கணவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரும்ப எண்ணினார். வீட்டில் அவர் எண்ணெய் மாற்றுகிறேன் என்று சொல்லிக் காரைக் கெடுத்து வைத்தபோது பார்க்கிற அதே பார்வை.

“பெல்லமி, நாற்பத்தொன்பது. ரெண்டு இடம். செனட்டர், முப்பத்தாறு. ரெண்டு இடம். ஆளுநர், பதினஞ்சு. ஒரு இடம்.”

 பதின்மூன்று பேரில் ஒருவரையும் பிடிக்க முடியாமல், கேக் தட்டு காலியாகித் தோற்கவேண்டிய டெலோரஸ் சமமாக நின்றார். அவருக்கே புரியவில்லை.

“வெர்லின், உன்கிட்ட இருந்த ரெண்டு பேர் எங்கய்யா?”

பள்ளிக்கூடக் கூடம் இல்லையா, வெர்லின் பையன் மாதிரி கையைத் தூக்கினார். “நான்தான் அனுப்பி வெச்சேன்.”

முதலில் டெலோரஸ் சிரித்தார். அப்புறம் கூடம் முழுக்கச் சிரித்தது. செனட்டர் மூலையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஜை மேலிருந்த ஆர்டிஸ், தலைவர் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஜெயிக்கிற ஆளையும் தோற்கடிக்கத் தெரிந்த ஒரே மனிதன் நான்தான் என்று வெர்லின் தானாகவே அறிவித்தார். அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொரு மூலையும் தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க மாவட்டக் கூட்டத்தில் உட்கார வேண்டிய வேலை அது. பெல்லமி மூலையில் வெர்லின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை, அவரும் தலையைக் குனிந்துகொண்டார். ஆளுநர் மூலையில் லெனோராவுக்கு அன்று பேத்தியின் கூடைப்பந்துப் போட்டி. மற்றவர்களுக்கும் ஏதேதோ வேலை. கடைசியில் முட்டைக் கம்பெனிக்காரர் கையைத் தூக்கி, “நான் போகலாமா?” என்றார். பதினைந்து பேரும் கைதட்டி அவரையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது யாருடைய போனிலோ செய்தி வந்தது. மாநிலம் முழுக்க எண்ணியதில் பெல்லமி தெளிவாக முதலில் வந்துவிட்டார். வெளியாள் ஜெயித்துவிட்டார். வெர்லின் பக்கத்து ஆள் ஜெயித்துவிட்டார், வாழ்க்கையில் முதல் தடவை. வெர்லினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டுமே என்று முட்டைக் கம்பெனித் தம்பதி நின்ற இடத்துக்கு ஓடினார். அவர்கள் நீளச் சாப்பாட்டு மேஜை ஒன்றை மடக்கிக்கொண்டிருந்தார்கள். கணவர் சட்டையில் ஆளுநர் பெயர் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தது.

“நம்ம ஆளு ஜெயிச்சிட்டாரு!”

“நல்லது. ஆனா நான் இப்ப ஆளுநர் ஆளு, மிஸ்டர் ஹாகன்.”

“அது... இன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சுடுங்க. என் தப்பு. உங்களை நம்பவெச்சு இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. ஆனா நீங்க ஏன் அங்க கையைத் தூக்கினீங்க?”

அவர் மேஜைக் காலை மடக்கிவிட்டு நிமிர்ந்தார். குரலில் கோபம் இல்லை.

“அங்க போய் நின்னதும் அந்த நூலகத்து அம்மா கையைக் குடுத்து என் பேரைக் கேட்டாங்க. இவ பேரையும் கேட்டாங்க. ஒரு மாசமா நீங்க வீட்டுக்கு வர்றீங்க. எங்களை ‘முட்டைக் கம்பெனி’ன்னுதான் கூப்பிடறீங்க.”

   அவர்கள் வீட்டு நிலவறையில் எந்தக் குழாய் கசிகிறது, எந்தப் படி ஆடுகிறது என்பது வெர்லினுக்குத் தெரியும்; அவர்கள் பெயர் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த ஊர் இத்தனை வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் வராத வெட்கம்.

“உங்க பேர் என்ன?” என்று கேட்டார்.

“ராய்ஸ். ராய்ஸ் மேப்ரி. இவ கெய்லா.”

வெர்லின் மேஜையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார். சுவரோரம் கொண்டுபோய்ச் சாத்துகிறவரை அந்த இரண்டு பெயர்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தார்.