சப்பாத்துப் பார்த்து நாய் சொல்பவர்

கதவைத் திறந்தவுடன் றெஜினோல்ட் அண்ணை உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் சப்பாத்துகளைத்தான் பார்ப்பார். குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, எது தேய்ந்திருக்கிறது, எதில் சேறு, எதில் தூசி என்று பார்த்துவிட்டுத்தான் நிமிர்வார். பிறகு தன்னுடையதைக் கழற்றி ஓரமாக வைப்பார். வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலை அவருக்குத் துளியும் கிடையாது. அவர் எங்கள் வீட்டிலும் அப்படிக் குனிந்ததற்கு நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

மன்னாரில் பிறந்தவர், புலம்பெயர்ந்து வந்து இங்கே மோர்டனில் தபால்காரர். கட்டையான உருவம், பனி கொட்டினாலும் அரைக்காற்சட்டைதான். இடது கெண்டைக்காலில் ஒரு நாய்க்கடித் தழும்பு. யாராவது அதை உற்றுப் பார்த்தால் கடித்த நாய்க்காக வக்காலத்து வாங்குவார். "அது நாயின்ர பிழை இல்லை, வீட்டுக்காரன்ர பிழை. சின்ன பிளாட்டுக்குள்ள அல்சேசனை நாள் முழுக்கப் பூட்டி வச்சா, அது என்னைக் கடிக்காமல் வேற ஆரைக் கடிக்கும்?" அந்தக் கடிக்குப் பிறகுதான், கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இடத்துக்குச் சனிக்கிழமைகளில் போய் அவற்றை நடக்கக் கூட்டிச் செல்லத் தொடங்கினாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். "அண்ணை, பிள்ளையள் நாய் கேக்குதுகள். எந்தச் சாதி நல்லம்?" நல்ல இனத்து நாயைச் 'சாதி நாய்' என்பதுதானே எங்கள் ஆட்களின் வழக்கம். அந்தச் சொல்லைக் கேட்டாலே அண்ணைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"நாயின்ர சாதியை விடும். உம்மட வீடு என்ன சாதி? முதல் அதைச் சொல்லும்."

நடக்கிற வீடா, சோபாவில் கிடக்கிற வீடா? கத்துகிற வீடா, அமைதியான வீடா? பகலில் ஆள் இருக்குமா, எல்லோரும் ஷிப்டுக்குப் போய்விடுவார்களா? இதுதான் அவர் கேட்கும் சாதி. வாயால் கேட்டால் எல்லோருமே தினமும் பூங்காவில் ஓடுகிறவர்கள்தான். ஆகவே நேரில் வந்து சப்பாத்தைப் பார்ப்பார். "வாய் பொய் சொல்லும். சப்பாத்துக்கு அது ஏலாது."

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது 2006இல். அதற்கு முந்திய வருடம் பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் என் மனைவி தவநாயகியைத் தள்ளி விழுத்திவிட்டுக் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடியிருந்தான். முறிந்த கை பொருந்திவிட்டது. ஆனால் அவள் தனியாக வாசலைத் தாண்டுவது நின்றுபோயிற்று. வேலையை விட்டாள், கடைக்குப் போவதை விட்டாள், தெருப்பக்கத்து யன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. ஆளைக் கண்டாலே உறுமுகிற அல்சேசன் ஒன்று பக்கத்தில் போனால் எவன் கிட்ட வருவான் என்பது என் யோசனை. மகனோ நீலக்கண் ஹஸ்கிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

அண்ணை வழக்கம்போலக் குனிந்தார். மகனுடையதைப் புரட்டி, "இது பஸ்ஸில போய் பஸ்ஸில வாற கால்," என்றார். என்னுடையதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு தவநாயகியின் கறுப்புச் சப்பாத்தைக் கையில் எடுத்தார். உள்ளே சிலந்தி வலை கட்டியிருந்தது. விரலால் வலையை வழித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

அதன் பிறகு அவர் கேள்வி கேட்டதெல்லாம் அவளிடம்தான். "தங்கச்சி, வெள்ளிக்கிழமையில வீட்டுக்குள்ள மச்சம், இறைச்சி வரலாமோ? நாய்க்கு விரதம் பிடிக்கத் தெரியாது கண்டியளோ."

தவநாயகி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. "பின் வளவில வச்சுக் குடுக்கலாம் அண்ணை."

"அண்ணை, எங்களுக்குக் காவலுக்குத்தான்..." என்று நான் குறுக்கிட்டேன்.

"தம்பி, அல்சேசன் வந்தா தங்கச்சி கள்ளனுக்கும் பயப்பிட வேணும், நாய்க்கும் பயப்பிட வேணும். உமக்கென்ன, நீர் வேலைக்குப் போயிடுவீர்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூட்டிவந்த நாயைக் கண்டதும் கோபம் இன்னும் ஏறியது. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்ட். எலும்பும் தோலுமான சாம்பல் நிறப் பெட்டை. குரைக்கவே தெரியாததுபோல் நின்றது. மாடிப்படியைக் கண்டு நாலு காலும் நடுங்கியது.

"கூண்டும் ஓட்டமும்தான் இதுக்குத் தெரியும். படி ஏறத் தெரியாது. ஆராவது பழக்க வேணும். எனக்கெண்டால் முழங்கால் ஏலாது," என்றார், நாள் முழுக்கத் தெருத்தெருவாக நடக்கும் அந்தத் தபால்காரர், கூசாமல்.

தவநாயகி எழுந்து போய் அதன் முன்னங்காலைத் தூக்கி முதற்படியில் வைத்தாள். நாயென்றால் 'கம், சிட்' என்று இங்கிலிஷில் அதட்டுவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். அவள் தமிழிலேயே பேசினாள். "பயப்பிடாதை பிள்ளை. நான் பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்." வெள்ளிக்கிழமை வந்ததால் வெள்ளி என்றே பெயரும் வைத்தாள்.

வெள்ளி படி ஏறப் பழகியது. பின் வளவுக்குப் போகப் பழகியது. தெருவில் நடத்துவது மட்டும் என் வேலையாகவே இருந்தது. தவநாயகி கதவுவரை வந்து நிற்பாள். அதற்கு மேல் வரமாட்டாள். நான் நம்பிக்கையைக் கைவிட்டுக்கொண்டிருந்தேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அண்ணை மணியடித்தார். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டு, "தவம், அண்ணை வந்திருக்கிறார்!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

அண்ணை அதற்குள் குனிந்திருந்தார். "கத்தாதையும் தம்பி. கறுப்புச் சப்பாத்தைக் காணேல்லை."

கொளுவியில் தொங்கும் நாயின் வாரும் இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது. "அண்ணை, உங்களுக்கு நான் எப்பிடி நன்றி சொல்லுறது..."

"அதை நாயிட்டச் சொல்லும். அதுதான் நன்றியுள்ள சாதி."

கறுப்புச் சப்பாத்து இருந்த இடத்தில் என்னுடைய வேலைச் சப்பாத்துகள் சரிந்து கிடந்தன. அண்ணை அவற்றைத் தள்ளி, அங்கே ஒரு சோடிக்கு இடம் விட்டார். பிறகு தன்னுடையதைக் கழற்றி ஓரமாக வைத்தார்.