குறைந்துபோன ஒரு குழி

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஓர் அரிப்பு பிடித்துக்கொண்டது. எந்த எண்ணைப் பார்த்தாலும் அது வர்க்க எண்ணா என்று பார்த்தாக வேண்டும். பாபநாசம் பஸ்ஸின் நம்பரைக்கூட விடமாட்டேன். கடைசி இலக்கம் 2, 3, 7, 8 என்றால் நிச்சயமாக இல்லை, நிம்மதி. மற்றவை என்னைப் படுத்தி எடுக்கும். போதாக்குறைக்குக் கணக்கு டீச்சர் 98 பெருக்கல் 102 என்று எழுதிப்போட்டார். நடுவில் இருக்கும் நூற்றை வர்க்கமாக்கு, விலகிய இரண்டின் வர்க்கத்தைக் கழி, 9996 என்றார். அன்றிலிருந்து எந்தப் பெருக்கலைக் கண்டாலும் நடுவைத் தேட ஆரம்பித்தேன்.

ஊரும் என்னைப்போலத்தான் இருப்புக் கொள்ளாமல் கிடந்தது. கூலித் தகராறில் அறுப்பு நின்றிருந்தது. குடிசைக்கு மனை கொடுத்தாக வேண்டும் என்று புது ஆட்சி சொல்லிவிட்டதாகக் கட்சிக் கூட்டத்தில் மைக் அலறியது. கடைசியில் பண்ணை இறங்கிவந்து, குடிசைக்கு ஒன்பது குழி என்று ஒத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் நிலம் அளக்கும் கோல் பன்னிரண்டு அடி. கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி. ஒன்பது குழி என்றால் மூன்று கோலுக்கு மூன்று கோல்.

அளந்த அன்று பண்ணைக் காரியஸ்தர் முளையை வேறு மாதிரி அடித்தார். நீளம் நாலு கோல், அகலம் இரண்டு கோல். வாய்க்கால் ஓரத்துக்கு அதுதான் தோது என்றார்.

"சுத்தி வந்து பாருப்பா. அதே பன்னெண்டு கோலுதான்."

அப்பா கயிறு பிடித்துச் சுற்றிவந்தார், சரியாக இருந்தது. எங்கள் ஆட்கள் யாருக்கும் சொந்த மனை இருந்ததில்லை. ஊரார் மனைகளுக்கு முள்ளடைத்து, அடைத்த நீளத்துக்குக் கூலி வாங்கியே பழகியவர்கள். வேலி நீளம் சரி என்றால் மனையும் சரி என்பது அவர்கள் கணக்கு. முள் அடைத்துவிட்டால் மனை முடிந்தது, பிறகு பேச்சில்லை. அப்பா அரிவாளோடு முள்கட்டை அவிழ்க்கக் குனிந்தார்.

எனக்குப் பழைய அரிப்பு கிளம்பியது. நாலு, இரண்டு. நடுவில் மூன்று. மூன்றின் வர்க்கம் ஒன்பது, அதில் ஒன்றின் வர்க்கம் போக எட்டு. ஒரு குழி போகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். பெரியவர்கள் பேசும் இடத்தில் வாயைத் திறக்காதே என்றார்.

அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டாள். "ஒரு குழிதானே, போனாப் போவுது. அது எம்மாம் பெருசு இருக்கும்?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோலைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் குடிசைக்கு ஓடினேன், அம்மாவும் பின்னாலேயே வந்தாள். இந்தச் சுவரில் ஒரு முனையை வைத்தேன், மறுமுனை எதிர்ச்சுவரைத் தொட்டது. திருப்பிப்போட்டேன், அப்போதும் தொட்டது. அடுப்பு, குதிர், நாங்கள் ஐந்து பேர் படுக்கும் பாய், எல்லாம் அதற்குள்தான்.

அம்மா கோலை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, காரியஸ்தர் எதிரில் போய் நின்றாள்.

"கொறஞ்சது ஒரு குழி இல்லீங்க, எங்க வீடுங்க."

அப்பா முள்கட்டைக் கீழே போட்டுவிட்டு, முதல் முளையைப் பிடுங்கினார்.