பொரி பொறுக்கும் நாற்காலி

ஹில்டாவின் அடக்க ஆராதனையில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பில் அவள் வேலைக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் உண்மையோடு பணியாற்றினார் என்று படித்துவிட்டுப் போதகர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்த ஒரு வரிக்குள் அவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவது அவர்கள் தொழில். பெருங்களத்தூர்ப் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, பால்கனியில் போய் நிற்பதுபோல் ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்டினால்தான் வீடு வாங்க ஆள் வரும் என்று பில்டர்கள் நம்பினார்கள்.

இயற்பியல் படித்த ஹில்டா, வெளிச்சம் அமைக்கும் வேலை கிடைக்கும் என்று நினைத்துத்தான் அங்கே சேர்ந்தாள். முதலாளி மதியழகன் அவளைப் பொரி பொறுக்க உட்கார வைத்தார்.

கம்ப்யூட்டர் ஒரு அறைக்குள் ஒளிக்கதிர்களைக் குத்துமதிப்பாக எறிந்து பார்த்துத்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தரும். நிறைய எறிந்தால் படம் வழவழப்பாக வரும், ஆனால் நாள்கணக்கில் ஆகும். குறைவாக எறிந்தால் சுவரெல்லாம் மணல் தூவியதுபோல் இருக்கும். போதாததற்கு, கண்ணாடியிலோ குழாயிலோ பட்டுத் தெறித்த ஒரு கதிர் எங்கோ இருட்டு மூலையில் போய் விழுந்து, அந்த ஒரு புள்ளி மட்டும் வெள்ளைவெளேரென்று எரியும். அதைத்தான் பொரி என்றார்கள். மணலைக் குறைக்க ஒரு மென்பொருள் இருந்தது. பொரிக்கு அது ஆகாது. அதன் அளவைக் கூட்டிக் கொடுத்தால் திரைச்சீலையின் மடிப்பும் கதவின் மர ரேகையும் சேர்ந்து மழுங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு ஃப்ரேமாகத் திறந்து, பக்கத்துப் புள்ளியின் நிறத்தை எடுத்து, பொரியின் மேல் பூச வேண்டும். முந்தின ஃப்ரேமிலும் அடுத்த ஃப்ரேமிலும் அதே இடத்தில் இருந்தால் அது பொருள். வந்து வந்து மறைந்தால் பொரி. அவளுடைய விதி அவ்வளவுதான்.

கதிர்களைக் கூட்டி எறிந்தால் பொரியே விழாது என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். மதியழகனிடமிருந்து அவள் கடைசிவரை மறக்காத பதில் வந்தது.

"மெஷினுக்கு ஏதும்மா நேரம்? அதான் நீ இருக்கியே."

உன்னைப்போல் இன்னொருத்தரைத் தயார் செய், அப்புறம் நீ போய் லைட்டிங்கில் உட்கார் என்றார் மதியழகன். ஹில்டா ஒவ்வொருவராகச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். சத்யப்ரியா என்ற பெண் தலைவலி தாங்காமல் நின்றுவிட்டாள். காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு வந்த ஒருவன், சாப்பாட்டுத் தட்டில்கூடப் பொரி தெரிகிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் வரவில்லை. ஹில்டாவுக்கும் அப்படித்தான் இருந்தது. ரயில் ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒற்றை பல்பு எரிந்தால் அவள் ஆள்காட்டி விரல் தானாக அசையும். ஆனால் அவள் நிற்கவில்லை. அப்பா ஜெபராஜுக்கு வாரந்தோறும் டயாலிசிஸ். தாம்பரத்தை விட்டு நகர முடியாது.

கடைசியில் தாமோதரன் என்ற பில்டரின் படம் வந்தது. பெரிய வேலை. இது மட்டும் குறையில்லாமல் முடியட்டும், ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த மாதத்திலிருந்து நீ மகேஷ் பக்கத்தில் உட்காரலாம் என்று மதியழகன் எல்லோர் முன்னாலும் சொன்னார். மகேஷ்தான் அங்கே வெளிச்சம் அமைப்பவன். ஹில்டா அந்தப் படத்தை இழைத்து இழைத்துச் செய்தாள்.

முடிந்த படத்தைப் பார்க்கத் தாமோதரன் தன் மனைவி புஷ்பத்தோடு வந்தார். திரையில் பளிச்சென்று வீடு திறந்தது. கூடத்தின் கோடியில் பாதி திறந்த கதவு, அதற்குள் ஒரு குத்துவிளக்கு. படம் முடிந்தது. புஷ்பம் கணவரிடம் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வெளக்கு வெச்சிக்கிறாங்க, ஏத்தல. ஆளில்லாத வூட்டைக் காட்டி யாரைக் குடிவரச் சொல்றது?"

வருகிற வெள்ளிக்கிழமை பூமி பூஜை. இதைப் போட முடியாது என்று தாமோதரன் எழுந்துவிட்டார்.

அவர்கள் படியிறங்கியதும் விஷயம் வெளியே வந்தது. மகேஷ் சுடர் வைத்துத்தான் இருந்தான். உயிரோட்டமாக இருக்கட்டும் என்று அதை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஆடவும் மங்கவும் விட்டிருந்தான். தூரத்தில் அது இரண்டு மூன்று புள்ளிதான். இருட்டில் வந்து வந்து மறையும் வெள்ளைப் புள்ளி. ஹில்டா ஒன்றுவிடாமல் பொறுக்கியிருந்தாள்.

"ஈசானி மூலையில வேற இன்னா ரூம் இருக்கும்? இதையுமா அக்கா சொல்லணும்?" என்றான் மகேஷ்.

"எங்க வீட்ல அந்த மூலையில சைக்கிள் நிக்கும்" என்றாள் அவள்.

சுத்தம் செய்த ஃப்ரேமைப் பழையதன் மேலேயே சேமிப்பது அங்கே வழக்கம், ஹார்ட் டிஸ்கில் அவ்வளவு இடம் கிடையாது. மறுபடி ரெண்டர் போட்டு, கதிர்களை முதலிலிருந்து எறிந்து படம் எடுக்கவும் மெஷின் எதுவும் காலியில்லை. மதியழகன் கத்துவார் என்று பார்த்தாள். இனி அந்தப் பக்கமே வராதே என்று நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாலும் நல்லதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் கத்தவில்லை.

"நீதானே அணைச்சே. நீயே ஏத்து."

ஏற்றினாள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் கையாலேயே சுடர் வரைந்தாள். வீட்டில் கரண்ட் போன ஒரு மாலை, அம்மா மெழுகுவத்தியோடு சமையலறைக்குள் நுழையும்போது சுடர் எப்படிப் பின்னால் சாய்ந்து நிமிர்கிறது என்று கவனித்துவைத்து, கேமரா கதவின் பக்கம் திரும்பும் இடத்தில் அதே சாய்வைக் கொண்டுவந்தாள். மகேஷின் சுடர் அங்குமிங்கும் துடித்தது. இது மூச்சு விட்டது.

பூமி பூஜையில் படம் ஓடியது. நல்ல காற்று வருகிற வீடு போலிருக்கிறது என்று புஷ்பம் சொன்னாராம். தாமோதரன் குன்றத்தூரில் கட்டப்போகும் வீடுகளுக்கும் இதே கை வேண்டும் என்று கேட்டு வேலையைக் கொடுத்துவிட்டார்.

மாதம் பிறந்தது. ஹில்டா போய்க் கேட்டாள். அலுவலகத்தில் அவள் வாய்விட்டுத் தனக்காகக் கேட்டது அநேகமாக அது ஒன்றுதான்.

"சார், லைட்டிங் சீட் பத்தி சொன்னீங்களே."

மதியழகன் சந்தோஷமாகத்தான் இருந்தார். மகேஷைப்போல் யாரை வேண்டுமானாலும் பிடித்துவிடலாம், அவள் கைக்கு எங்கே போவது என்று பாராட்டினார். அவளுக்காக ஒன்று செய்யப்போவதாகவும் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்துக் கண்ணைக் கெடுக்கிறது அல்லவா, அவள் இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் பலகை அடித்துக் கறுப்புத் துணி போட்டுவிடலாம்.

மறுநாள் காலையே ஆசாரி வந்தார். வேலை கெடவேண்டாம், அவள் உட்கார்ந்தபடியே இருக்கட்டும் என்று மதியழகன் சொல்லியிருந்தார். அவள் தோளுக்கு மேலாக டேப்பை இழுத்து ஆசாரி அளவெடுத்தார். முழங்கை இடிக்குமா என்று கேட்டார். கொஞ்சம் தள்ளி வைத்தால் இடிக்காது என்றாள் ஹில்டா. அடுத்த ஃப்ரேமைத் திறந்தாள்.