கல்யாண மண்டபத்தில் இரண்டாவது தட்டு

பொருட்காட்சிக்கும் கண்காட்சிக்கும் ஒரே வித்தியாசம்தான்: பொருட்காட்சிக்குப் போனால் டெல்லி அப்பளம் கிடைக்கும், கண்காட்சிக்குக் காவல் இருந்தால் கொட்டாவிதான் கிடைக்கும். காலையிலிருந்து மாலைவரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் கஷ்டம் புரியும். பட்டுப்புழு, பழைய நாணயம், குடும்பக் கட்டுப்பாடு என்று எத்தனையோ கண்காட்சிகளில் உட்கார்ந்தவன் நான். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் நடந்த கிரேட்டா அம்மா கண்காட்சியை நினைத்தால் இன்றைக்கும் முதுகு சில்லிட்டுப் போகிறது.

முகூர்த்தம் இல்லாத மண்டபம்

கிரேட்டா அம்மா வியன்னாவில் பிறந்த யூதப் பெண். நாஜிகளுக்குத் தப்பிக் கப்பலேறி மெட்ராஸ் வந்து, தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, கடைசிவரை கதைகள் எழுதினார். அவர் காலமாகிப் பல வருஷம் கழித்து, அவருடைய கதைகளைப் படித்த சிலர் சேர்ந்து இந்தக் கண்காட்சியை நடத்தினார்கள். மகாளயபட்சத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை அல்லவா? மண்டபம் சல்லிசாகக் கிடைத்தது.

மணமேடையில் அவருடைய டைப்ரைட்டர், மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு மேஜை. மேஜைமேல் இரண்டு பீங்கான் தட்டுகள், தட்டுக்கொரு நாற்காலி. ஒன்று அவருக்கு. இன்னொன்று அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி, வராமலே போன தங்கை ஹன்னாவுக்கு. ஹன்னாவைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அப்படியும் கிரேட்டா அம்மா தினமும் ராத்திரி இரண்டு தட்டு வைத்துத்தான் சாப்பிடுவாராம். மழைக்கு ஒதுங்கின ஒருவர் ஈரத்தலையோடு மேடையைப் பார்த்துவிட்டு, ஹன்னாவைப் பற்றி ஒன்றும் தெரியாமலே என்னைக் கேட்டார்: "தட்டு வெச்சிக்கினு யாருக்கு சார் வெயிட் பண்றீங்க?"

சிவப்பு பல்பு

மண்டபத்து எலக்ட்ரீஷியன் சேகர் நல்ல வேலைக்காரன். ஆனால் சொல்லாத வேலையையும் செய்துவிடுவான். பழைய கறுப்பு வெள்ளை போட்டோ என்றால் அவன் கணக்கில் ஆள் இல்லை என்று அர்த்தம். கிரேட்டா அம்மா படத்துக்குச் சந்தனமாலை போட்டுச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியவிட்டது சரி. பக்கத்தில் இருந்த ஹன்னாவின் படத்துக்கும் அதே மரியாதையைச் செய்துவிட்டான். நானும் கவனிக்கவில்லை.

முதல் நாளே ஸ்டெல்லா டீச்சர் வந்தார். கிரேட்டா அம்மா வீட்டில் சமையல் செய்தவரின் மகள். அந்த வீட்டிலேயே வளர்ந்து, படித்து, டீச்சரானவர். கிரேட்டா அம்மா சாகும்போது அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஹன்னா வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். அதற்காகவே டீச்சர் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டிலேயே குடியிருந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டாவதாக ஒரு தட்டை இன்னும் வைத்துக்கொண்டிருந்தார். ஹன்னாவின் கழுத்தில் மாலையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. மேடைமேல் ஏறி மாலையைக் கழற்றினார். "அவங்க செத்துட்டாங்கன்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

தேதி தெரியாதவர்கள்

பெருங்களத்தூர் காலனியிலிருந்து ஒரு மாமி வந்தார். ஒவ்வொரு படத்தின் அடியிலும் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்துவிட்டு, ஹன்னாவிடம் வந்ததும் நின்றுவிட்டார். பிறந்த வருஷம் இருந்தது. அதன்பின் ஒரு கோடு. கோட்டுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஸ்டெல்லா டீச்சரும் இருந்தார். யூதர்களிலும் இறந்தவருக்கு வருஷா வருஷம் அந்தத் தேதியில் விளக்கேற்றும் வழக்கம் உண்டு என்று மாமிக்குச் சொன்னார். தேதியே தெரியாமல் எப்படி ஏற்றுவது என்று கேட்டுக் கேட்டே கிரேட்டா அம்மா கடைசிவரை தங்கைக்கு ஏற்றவில்லையாம்.

மாமி பதறிப்போனார். பொசுக்கென்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் கையை விடுவித்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தால், அந்தப் பேச்சு அவருக்கு எங்கோ சுருக்கென்று தைத்துவிட்டது தெரிந்தது. மாமி சொன்னது இதுதான்: "தேதி தெரியாதவாளுக்குன்னுதானே அம்மா மகாளய அமாவாசையே இருக்கு, நாளன்னிக்கு வரது பாரு."

கரண்ட் போன மத்தியானம்

மறுநாள் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பொத்தேரி ஹாஸ்டல் பையன்கள் இரண்டு பேர் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. கிரேட்டா அம்மாவின் பல்பும் அணைந்தது. ஹன்னாவின் படத்துக்கு மேலே இருந்த பல்பு மட்டும் மெல்லச் சிவந்தது. டீச்சர் மாலையைக் கழற்றிய அன்றே சேகர் அதன் வயரை வெட்டிவிட்டான். வெட்டின நுனி சுவரில் தொங்குவது என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஒரு பையன் இன்னொருவனிடம், "மச்சான், வாடா போலாம்" என்றான். அடுத்த நிமிஷம் இருவரையும் காணோம். நான் போகவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், கால் எழவில்லை.

கரண்ட் வந்ததும் அது அணைந்துவிட்டது. சேகர் ஏணி போட்டு ஏறிப் பல்பைத் தொட்டவன், சுட்டதுபோல் கையை உதறினான். இறங்கி வந்து ஏணியை மடக்கியபடி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "வயர கட் பண்ணது நானு, கரண்ட்டும் இல்ல, அப்பவும் எரியுதுன்னா அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல சார்."

அமாவாசை

அமாவாசையன்று காலையில் மாமி மறுபடி வந்தார். வீட்டில் காக்காய்க்குச் சாதம் வைத்துவிட்டு நேராக வந்ததாகச் சொல்லி, ஹன்னாவின் தட்டில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். தடுக்க வேண்டியது என் வேலை. மனசு வரவில்லை. ஒரு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனேன். பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வாட்ச்மேன் ஆறுமுகம் வாசலைவிட்டு நகரவே இல்லை.

திரும்பி வந்து திறந்தால் ஹன்னாவின் தட்டுக்கு எதிரே இருந்த நாற்காலி மேஜையிலிருந்து கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தது. சாப்பிட்டு முடித்தவர் எழுந்து போனால் எப்படித் தள்ளியிருக்குமோ அப்படி. தட்டில் பழம் இல்லை, தோல் மட்டும் இருந்தது. எலியாகத்தான் இருக்கும் என்று நான் சத்தமாகவே சொன்னேன், எனக்காக. ஆறுமுகம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எலி துன்னுட்டு, தோலை நாலா மடிச்சி தட்டு ஓரமா வெச்சிட்டா சார் போவும்?"

ஸ்டெல்லா டீச்சர்

நாலரை மணிக்கு டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். தட்டை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆறுமுகம் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டீச்சர் கத்துவார், மாமியைத் திட்டுவார், என் வேலைக்கும் உலை வைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேஜைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பின்னால் தள்ளியிருந்த நாற்காலியையே பார்த்தார். விமானப்படைத் தளத்துக்குப் போகிற விமானம் ஒன்று தலைக்குமேல் இரைந்துவிட்டுப் போனது. அவர் நிமிரவில்லை.

பிறகு எழுந்து, கழற்றி வைத்த சந்தனமாலையைக் கேட்டு வாங்கித் தன் கையாலேயே ஹன்னாவுக்குப் போட்டார். சேகரிடம் வயரைச் சேர்க்கச் சொன்னார். ஆறுமுகம் எதிர்க்கடைக்கு ஓடி ஒரு மெழுகுவர்த்தி வாங்கிவந்தார். டீச்சர் அதை ஏற்றிப் படத்தின் முன்னால் வைத்தார். அப்புறம்தான் அழுதார், வாய்விட்டு, வீட்டில் சாவு விழுந்தவர்கள் அழுகிற மாதிரியே. எனக்கும் கண் கலங்கியது, ஒளிப்பானேன்? முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "இன்னிக்கு ராத்திரி வீட்டுல ஒரு தட்டு வெச்சா போதும்."

கண்காட்சிக் காவல்காரனுக்கு உள்ள ஒரே உத்தரவு எந்தப் பொருளையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. தொட்டவரே அந்தப் பொருளுக்குச் சொந்தக்காரராக இருந்தால் எந்த ஆபீசில் போய்ப் புகார் கொடுப்பது என்று எனக்கு வேலை கொடுத்தவர்கள் யாரும் சொல்லவில்லை.